ஒரு பகல் முழுக்க ஒரே ஒரு களி உருண்டை

1

இந்த வாரத்தோடு என் வயிற்றுக்கு ஒரு வயது நிறைகிறது. எனக்கு நாற்பத்தொன்பது. பிறந்ததிலிருந்து சுமந்து வந்த பழைய வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை, புண் முற்றிப்போய்விட்டது என்று சொல்லி, பினாங்கில் ஒரு ஸ்காட்லாந்துக்கார டாக்டர் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார். ஆகவே இப்போது என்னிடம் இருப்பது கைக்குழந்தை வயிறு. கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, முதுகில் தட்டாத குறையாக வளர்த்து வருகிறேன். முதல் பிறந்த நாளுக்கு என்ன செய்யலாம் என்று என் மனைவி மீனாட்சியைக் கேட்டேன். "காது குத்தலாம்" என்றாள்.

நேற்று நடந்த ஒரு சங்கதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. இங்கே வெளியே கிளம்பினால் படம் ஒட்டிய அடையாளச் சீட்டு பையில் இருக்க வேண்டும். காட்டுக்குள் சண்டை நடக்கிற தேசம், அதனால் போலீஸ்காரர்கள் நினைத்த இடத்தில் பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பார்கள். நேற்று என் சீட்டை வாங்கிய மலாய்ப் போலீஸ்காரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருப்பவர் இரண்டு தாடையும் சட்டைப் பித்தானைப் பிய்க்கிற தொப்பையும் உள்ள ஒரு பெரிய மனிதர். எதிரே நிற்பது ஆணியில் மாட்டிய சட்டை.

"இது யார்?"

"நான்தான்."

"மிச்சம் எங்கே?"

"ஆஸ்பத்திரியில்" என்றேன். நம்பவில்லை. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். பஸ் முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். ஆனாலும் புதுப் படம் ஒட்டியாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு ஒரு மனு, நான்தான் நான் என்று இரண்டு பேர் சாட்சி, உடம்பு எப்படிக் குறைந்தது என்று டாக்டர் கடிதம். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினால் இன்னும் கொஞ்சம் குறைந்து, ஒட்டிய படமும் செல்லாமல் போய்விடும்.

துறைமுகத்தில் சரக்குச் சீட்டு எழுதும் கிராணி வேலை எனக்கு. மேஜையில் மைக்கூடு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு குட்டி டப்பாக்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் அடிக்கும், ஒன்றைத் திறப்பேன். பக்கத்து மேஜைச் சீனர் லிம், "மறுபடியும் மாக்கானா?" என்பார். மாக்கான் என்றால் இங்கே சாப்பாடு. கேலியாகத்தான் கேட்பார். ஆனால் நான் மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை.

2

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில நாள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. பிறகு ஒரு காலையில் நர்ஸ் மருந்துக் கிளாஸில் ஒரு அவுன்ஸ் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு மணி நேரத்தில் குடித்து முடி என்றாள். நான் செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் இறக்குகிறவன். இதென்னடா கூத்து என்று முதல் சொட்டை நாக்கில் விட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீருக்கு இத்தனை ருசி உண்டு என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை. தையல் இழுக்கும், சிரிக்காதே என்று நர்ஸ் அதட்டினாள். சிரிக்காதே என்றால் யாருக்குத்தான் சிரிப்பு நிற்கும்? வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு சிரித்தேன். உயிரோடு இருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் பால், அரிசி வடித்த நீர், சீனர்கள் குடிக்கும் குழைந்த கஞ்சி என்று ஒவ்வொரு படியாக ஏறினேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, உள்ளங்கை அளவு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. இனிப்பு கூடாது. ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டும்.

கடைசி வரிதான் என் தலையில் இடியாக இறங்கியது. நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். என் பையன்கள் என்றாவது இதைப் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன்: களி என்பது கேழ்வரகு மாவைக் கெட்டியாகக் கிண்டி உருட்டி வைப்பது. அதைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். மெல்லவே கூடாது. மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும், பார்க்கிறவர்கள் அசலூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். களியில் வளர்ந்த வாய்க்கு எதையுமே மெல்லத் தெரியாது. தோசையை விழுங்குவேன், மாம்பழத் துண்டை விழுங்குவேன். இந்த முப்பது எனக்கு ஒரு புது வேலை கற்றுக்கொள்வது போலத்தான் இருந்தது.

எண்ணுவதற்கு என் மூத்த மகள் சரோஜா உட்கார்ந்தாள். பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இங்கே டீச்சர் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். நான் பதினைந்தில் விழுங்கப் பார்த்தால், "அப்பா, பெலான் பெலான்" என்பாள். மலாயில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு அவள் நின்ற நிற்பைப் பார்த்தால் டாக்டரே பயப்படுவார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் குந்தாரப்பள்ளியிலிருந்து என் அண்ணன் முனுசாமியின் கடிதம் வந்தது. சரோஜாவுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறது, பையன் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் கம்பவுண்டர், தாயாருக்கு மாந்தோப்பு இருக்கிறது, நீ வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போ என்று. டாக்டர், "இந்த வயிற்றோடு கப்பலா?" என்று கத்தினார். பையன்களுக்குப் பரீட்சை என்பதால் மீனாட்சி வர முடியாது. சரோஜா தாளோடும் கடிகாரத்தோடும் என்னுடன் ஏறினாள்.

3

மதராஸில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதிலும் அதே தொப்பைக்காரர் படம்தான். அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் என் மூக்கைப் பற்றி ஆலோசனை செய்துகொண்டிருந்தபோது சரோஜா கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரமாச்சு" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து, பாலில் ஊறிய ரஸ்க்கை ஸ்பூனில் எடுத்து அந்த மேஜைக்கு முன்னாலேயே என் வாயில் வைத்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். "ஒண்ணு, ரெண்டு..." வரிசை அப்படியே நின்றது. இருபதைத் தாண்டும்போது பெரிய அதிகாரி தாங்க முடியாமல் முத்திரையைக் குத்தி, "கூட்டிட்டுப் போம்மா" என்றார்.

ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பஸ். கிருஷ்ணகிரிக் குன்றைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் காற்றாகிவிட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் தெலுங்கு, கால்வாசி கன்னடம், மீதிப் பேர் தமிழ், எல்லோருக்கும் ஒரே பேச்சு: ராஜ்யத்தை மொழி பார்த்துப் பிரிக்கிறார்களாமே, நாம் எந்தப் பக்கம்? "எனக்குத் தமிழு, எம் பொஞ்சாதிக்குத் தெலுங்கு. எங்கள எப்பிடிப் பிரிப்பாங்களாம்?" என்றார் ஒருவர். சரோஜா குலுங்கிச் சிரித்தாள். அவள் பிறந்ததிலிருந்து நான்கு மொழிக் கூச்சலில் வளர்ந்தவள், அவளுக்கு அது வீடு மாதிரி இருந்ததாம்.

4

வீட்டு வாசலில் அண்ணி என்னைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ தம்பி, இன்னாப்பா இது, பாதியா வந்து நிக்கிற!" மறுநாளே எனக்குப் பிடித்த இனிப்பு, ஒப்பட்டு தட்டி, நெய் ஊற்றி வைத்துவிட்டாள். சரோஜா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நானும் கால் துண்டு விழுங்கிவிட்டேன். கால் மணியில் நெஞ்சு படபடவென்று அடித்து, வியர்த்து ஊற்றி, வீடு சுற்றியது. அண்ணி மிளகாய் சுற்றிப் போட்டாள். சரோஜா ஈரத் தலையோடு ஓடிவந்து, படுக்க வைத்து, "யாரு ஸ்வீட் குடுத்தது?" என்று பெரியம்மாவையே மிரட்டினாள். அரை மணியில் சரியாகிவிட்டது. அண்ணிக்கு மட்டும் அது மிளகாயால் சரியானதாகத்தான் இன்று வரை.

வயிற்றை அறுத்த விஷயம் அண்ணன் வீட்டைத் தாண்டக்கூடாது என்று முடிவானது. "வெளிய சொல்லாதடா. அப்பனுக்கு வந்த சீக்கு பொண்ணுக்கும் வரும்பாங்க. பத்தியம்னு சொல்லிக்கலாம், போதும்" என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு. இங்கேயும் பையன்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசப் போன வீட்டில், முடிவு ஆகும் வரை கை நனைக்கக் கூடாது. அவர்கள் வீட்டுச் சோறு ஒரு வாய் உள்ளே போனால் சரி என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அப்புறம் மாட்டேன் என்றால் அது சாதாரண அவமானம் இல்லை. அதனால் போய்ப் பார்ப்பது, பேசுவது, மோர் கொடுத்தாலும் இப்பத்தான் குடிச்சோம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவது. மீனாட்சிக்கு எழுதிக் கேட்டு, சரோஜாவின் மனதையும் கேட்டு, அப்புறம் பதில் சொல்வது. இதுதான் எங்கள் திட்டம்.

பெண் வரக்கூடாது என்பதும் வழக்கம். ஆனால் கடிகாரமும் தாளும் எண்ணிக்கையும் அவளிடம். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, "வண்டியிலயே உக்காரட்டும்" என்றார். வழியில் சாப்பிட ஒரு டப்பா ரஸ்க் எடுத்துக்கொண்டோம்.

5

மாப்பிள்ளையின் தாயார் வெங்கடம்மா வாசலுக்கே வந்து வரவேற்றாள். கணவரை இழந்தவள், தோப்பைத் தனியாக நடத்துகிறவள், தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் வரும். "ரண்டி அண்ணா, வாங்க, உக்காருங்க. அந்தப் புள்ளய ஏன் வெயில்ல வுட்டுட்டு வந்தீங்க?" என்று சொல்லி, தானே போய் சரோஜாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள். பொண்ணு மாப்பிள்ளை பார்க்க வந்திருக்குது என்று வேலிக்கு வெளியே குசுகுசுப்பு கேட்டது.

பேச்சு சுகமாக இழுத்துக்கொண்டு போனது. மழை, மாம்பூ, மலாயா. எனக்கு விரல் நுனி நடுங்க ஆரம்பித்தது. சரோஜா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் முகம் வெளுத்திருந்தது. ரஸ்க் டப்பாவை வண்டி மாடு கவிழ்த்து, ஒன்று விடாமல் தின்றுவிட்டு, மூடியை நக்கிக்கொண்டிருந்ததாம்.

என் கண் இருட்டியது. சுவரில் சாய்ந்துவிட்டேன். அண்ணன், "கிளம்பலாம், கிளம்பலாம்" என்று எழுந்தார். சரோஜா அவரைக் கவனிக்கவே இல்லை. நேராக வெங்கடம்மாவிடம் போய், "கொஞ்சம் கஞ்சி இருக்கா? தண்ணியா, உப்பு போட்டு, சக்கரை வேணாம்" என்றாள்.

வெங்கடம்மாவின் முகம் பூத்தது. "எங்க வூட்டுக் கஞ்சியா! இதோ தாயி!"

அண்ணன் என்னை நோக்கிக் கண்ணாலும் புருவத்தாலும் ஏதேதோ சைகை செய்தார். நான் பார்க்கிற நிலையில் இல்லை. கேழ்வரகுக் கஞ்சி ஸ்பூன் ஸ்பூனாக உள்ளே போனது. அப்பா, என்ன கஞ்சி அது! ஆறு வாரமாக ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடித்த நாக்கு துள்ளிக் குதித்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து மாப்பிள்ளை கோவிந்தராஜு வந்து, என்னையும் அவளையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வயித்துல ஆபரேஷனா?" என்று சரோஜாவிடம் மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்.

அவள் திடுக்கிட்டாள். "எப்பிடித் தெரியும்?"

"பண்ணையில பசுவுக்கு வயித்தத் தொறந்து தைச்சா நாங்களும் இப்பிடித்தான் குடுப்போம். கொஞ்சம், கொஞ்சம். நீங்க சரியாத்தான் குடுக்கிறீங்க."

என்னை மாட்டோடு சேர்த்ததில் எனக்குச் சுருக்கென்றது. சரோஜாவுக்கோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கப்பாவுக்கு ஒரு வயிறே முழுசா இல்ல. பசுவுக்கு எத்தனை?" என்றாள். "நாலு" என்றான் அவன். அதற்கும் சிரித்தாள்.

நான் தெளிந்து கண்ணை முழுசாகத் திறந்தபோது கூடம் நிறைய ஆட்கள். யாரோ, "கை நனைச்சிட்டாங்க!" என்று சொல்ல, யாரோ வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்துவிட்டார்கள். அண்ணன் பிள்ளையார் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

6

வண்டியில் திரும்பும்போது அண்ணன் ஒரு மைல் தூரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்ததை மூடவில்லை. "அரை டம்ளர் கஞ்சிக்குப் பொண்ணக் குடுத்துட்டியேடா! வாயக் கட்டத் தெரியாதா?" சரோஜாவுக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது. பயந்துபோவாள் என்று பார்த்தேன். மாந்தோப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை. பினாங்கில் பிறந்த பெண். டீச்சராகப் போகிறவள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் தாயைக் கேட்கவில்லை, பசிக்கு அவளை விலையாக வைத்துவிட்டேன் என்று மனசு குத்தியது. மூன்றாம் நாள் அண்ணனையும் இழுத்துக்கொண்டு வெங்கடம்மா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது, அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடட்டும் என்பது என் கணக்கு. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, மூன்றில் இரண்டு பங்கு போன கதையைச் சொன்னேன். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கடம்மா நிதானமாகக் கேட்டாள். "எம் புள்ள அன்னிக்கே சொல்லிட்டான் அண்ணா. அதுக்கு இன்னா? புண்ணுன்னா அறுக்கத்தான் வேணும்." சற்று யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. நீங்க மயக்கத்துல குடிச்சீங்க. அது மருந்து. மருந்து குடுத்துப் பொண்ணு வாங்குன பேரு எனக்கு வேணாம். உங்களுக்கு மனசிருந்து, என்னிக்கு எங்க வூட்டுக் களி ஒரு உருண்டை முழுசாத் துன்னுறீங்களோ, அன்னிக்குக் கை நனைச்சதா வச்சிக்கலாம். இல்லன்னா பரவாலேது, நாம ஒறவாவே இருந்துக்கலாம்" என்றாள்.

அவள் காலில் விழாத குறைதான். திரும்பி வரும்போது வண்டியில் நான் பாடினேன். அண்ணனும் ஒத்துப் பாடினார். வீட்டுக்குள் நுழையும்போதே, "தப்பிச்சோம் சரோஜா!" என்று கத்தினேன். முழுக் கதையையும் சொன்னேன். ஒரு உருண்டைக் களி தின்பது இந்த ஜன்மத்தில் என்னால் ஆகாது, யாரும் நம்மைக் குற்றம் சொல்ல முடியாது, எப்படி என் சாமர்த்தியம் என்றேன்.

அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள். "கப்பலுக்கு இன்னும் எத்தனை நாள்ப்பா?"

"பதினெட்டு."

"இன்னைக்கு ஒரு நெல்லிக்காய் அளவு களியில ஆரம்பிச்சா?" என்றாள். தாளைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். காது சிவந்திருந்தது.

நான் அவளையே பார்த்தேன். "அந்த மாட்டு டாக்டரா?"

"கம்பவுண்டர்ப்பா."

"பினாங்கு வேலை?"

"மத்திகிரியிலயும் ஸ்கூல் இருக்குது. விசாரிச்சாச்சு" என்றாள். யாரிடம் விசாரித்தாள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் நம்மை விட்டு இங்கிலீஷ் பக்கம் போவார்கள், மலாய் பக்கம் போவார்கள் என்று இருபது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். அதில் என் சின்னப் பையன்கள் என்னை ஏமாற்றவும் இல்லை. களி என்றால் கிரிக்கெட் பந்தா என்று கேட்கிறவர்கள். இவள் ஊர்ப் பக்கம் போவாள் என்று ஒரு நாளும் பயப்படத் தோன்றவில்லை.

அன்று எனக்குக் கெட்ட எண்ணம் வந்தது, மறைக்க மாட்டேன். நெல்லிக்காய் அளவுக் களியையும் முடியவில்லை என்று துப்பிவிட்டால் போதும். டாக்டர் தாளே என் பக்கம் சாட்சி. அண்ணி கொண்டுவந்து வைத்தாள். சரோஜா எண்ணினாள். நான் மென்றேன். பல்லில் அப்பியது, அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இறங்கிவிட்டது. நன்றாகவே இறங்கிவிட்டது, பாழாய்ப் போன வயிறு.

மீனாட்சிக்குத் தந்தி கொடுத்தோம். உடனே பதில் வந்தது: பெண்ணுக்குப் பிடித்திருந்தால் சாப்பிடுங்கள்.

7

கப்பலுக்கு நாலு நாள் முன்னால், ஆபரேஷன் ஆன பத்தாவது வாரத்தில், காலை ஏழு மணிக்கெல்லாம் வெங்கடம்மா வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எனக்காகச் சின்னதாக உருட்டுவாள் என்று நம்பியிருந்தேன். தட்டில் வந்து இறங்கியது உரித்த தேங்காய். "எங்க வூட்டு உருண்டை இதான் அண்ணா. சின்னதாப் புடிச்சா ஏமாத்துனதா ஆயிடும்" என்றாள். நேர்மையான பெண்பிள்ளை. நேர்மையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது.

நான் நாலு வாய் சாப்பிட்டதும் சரோஜா தட்டின் மேல் வாழை இலையைக் கவிழ்த்துவிட்டாள். "இனிமே ஒம்பது மணிக்கு."

"இதென்ன, எழுந்துட்டா அப்புறம் கை நனைச்ச கணக்காம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எங்கப்பா எழுந்திருக்கலையே" என்றாள் சரோஜா. பிறகு வெங்கடம்மாவைப் பார்த்து, "ஒரு உருண்டைன்னு சொன்னீங்க. எத்தனை நேரத்துலன்னு சொல்லலையே அத்தே" என்றாள். அத்தே என்ற அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வெங்கடம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சொல்லலதான் தாயி, சொல்லல. பொழுது சாயற வரைக்கும் துன்னட்டும்" என்றாள்.

அப்புறம் நடந்தது ஒரு திருவிழா. ஒன்பது மணி, பதினொன்று, ஒன்று, மூன்று. ஒவ்வொரு தடவையும் இலையை எடுத்தால் வேலிக்கு வெளியே இருந்தவர்கள் உள்ளே வருவார்கள். நடுவில் எனக்குப் படுக்க ஒரு தலையணை, புதுசாகச் சுட வைத்த குழம்பு, காய்ந்த களி மேல் தெளிக்க வெந்நீர். குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள்கூட, "இன்னும் எவ்ளோ கீது?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சரோஜாவின் பெலான் பெலான் மத்தியானத்துக்குள் ஊர் வாயில் ஏறிவிட்டது. நான் வாயைத் திறந்தால் போதும், சின்னது பெரிசு எல்லாம் சேர்ந்து, "பெலான்! பெலான்!" என்று கத்தின. களியை மெல்கிற ஒரு மனிதனை அந்த ஊர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தது. கோவிந்தராஜு தள்ளி நின்று, "மாடு நாலு வயித்த வச்சிக்கினு நாள் பூரா மெல்லுது. மாமாவுக்கு இருக்கிறது கால் வயிறு. அவரு செய்யறதுதான் பெரிசு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அவனை எனக்கு அப்போது பிடித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, பாதி பசி, பாதி சந்தோஷம். அண்ணன் ஆளுக்கு ஆள் போய் என் ஆபரேஷன் கதையைத் தானே வெட்டியது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தட்டில் நெல்லிக்காய் அளவு ஒன்றே ஒன்று பாக்கி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதை எடுத்துக் குழம்பில் புரட்டினேன். கை அப்படியே நின்றுவிட்டது.

வயிறு காரணமில்லை. அது சொன்னபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இதை விழுங்கினால் கப்பலில் நான் மட்டும்தான் திரும்புவேன் என்பது காலையிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் சிரிப்பிலும் கூச்சலிலும் அது தொலைவில் இருந்தது. இப்போது விரல் நுனிக்கே வந்துவிட்டது.

"போதும் அண்ணா" என்றாள் வெங்கடம்மா. "அது கெடக்கட்டும். உருண்டை ஆயிடுச்சு. வுட்டுடுங்க."

சரோஜா என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "வலிக்குதாப்பா?"

"இல்லம்மா."

என் முகத்தையே பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. யாருக்கும் கேட்காத குரலில், "வேணாம்னா கீழ வச்சிடுங்கப்பா. வயிறு ஒத்துக்கலன்னு நானே சொல்லிடறேன். நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, தாளை எடுத்து மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள்.

நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். டாக்டர் சொன்னது முப்பது. நான் முப்பதையும் தாண்டி மென்றேன், அறுபதையும் தாண்டி மென்றேன். அது என் வாயில் இருக்கிற வரைக்கும் அவள் என் வீட்டுப் பெண். வேலி ஓரத்துக் கூட்டம் பொறுமையாக "பெலான், பெலான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சரோஜா எண்ணவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு விழுங்கினேன்.